சிவப்பு வைன் பீப்பாயில் வைத்த 18 வருட விஸ்கி: தண்ணீர் விட்டதும் கலங்குகிறது, ஏன்?

கொட்டகலைக் கிளார்க் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பதால் எழுத வேண்டியதாகிவிட்டது.

டுபாயில் வேலை செய்யும் அக்கா மகன் விடுமுறையில் வந்தபோது ஒரு விஸ்கிப் போத்தல் கொண்டுவந்து தந்தான். ஸ்கொட்லாந்து சிங்கிள் மோல்ட், 18 வருடம், 46 சதவீதம், 700 மில்லி. பெயரை எழுதவில்லை, எழுதினால் விளம்பரம் என்று நிர்வாகி தூக்கிவிடுவார். பெட்டியில் ‘ரெட் வைன் காஸ்க் ஃபினிஷ்’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘நான் சில் ஃபில்டர்ட்’, ‘நேச்சுரல் கலர்’ என்று பொடியாகவும் அச்சிட்டிருக்கிறது. எந்த நாட்டு வைன், எந்த ஊர் வைன் என்று ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் செம்பு நிறம், கிளாஸ் விளிம்பில் லேசான ரோசா.

நான் சாராயக்காரன். அதுவும் விசேஷ நாட்களில், ஜிஞ்சர் பியரோடு. இந்த மாதிரிப் பொருளை எனக்குக் கையாளத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார் என்று போத்தலைத் திறந்து இரண்டு கிளாசில் ஊற்றினோம். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. பீலித் தண்ணீர் கொஞ்சம் விட்டேன். கொட்டகலையில் இந்த மாதத்துப் பீலித் தண்ணீர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பல் கூசும். விட்ட கையோடு கிளாஸ் முழுக்கக் கலங்கிவிட்டது. மறுபக்கம் வைத்த விரல் சரியாகத் தெரியவில்லை.

மச்சான் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். “கள்ளச் சாமான். மட்ட விஸ்கியில் வைனைக் கலந்து அடைத்திருக்கிறான், அதுதான் சிவப்பு. மதுவரித் திணைக்கள ஸ்டிக்கரும் இல்லை, பார்” என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அக்கா மகன் டியூட்டி ஃப்ரீ ரசீதை எடுத்து நீட்டுகிறான். மனைவிக்கு இரண்டு பேர் மீதும் நம்பிக்கையில்லை. வாசலில் ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்கிறாள்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது ஏன் கலங்குகிறது? வைன் பீப்பாயில் வைத்தது என்றால் வைன் கலந்தது என்றுதான் பொருளா? 18 வருடமும் அந்த வைன் பீப்பாயிலேயே கிடந்ததா?

ஜிஞ்சர்பியர் கட்சி, ஹட்டன் எழுதியது:

அண்ணன், மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லாத போத்தலை நான் தொடவே மாட்டேன். அப்படியே நல்லது என்று வந்தாலும் 18 வருடம் ஒரு மரப்பெட்டிக்குள் அடைந்து கிடந்ததைக் குடித்து என்ன காணப்போகிறோம்? அரைப் போத்தல் சாராயம், இரண்டு ஜிஞ்சர் பியர், ஒரு பொட்டலம் கச்சான். பொழுது போய்விடும், தலையும் வலிக்காது.

பதுளை வாத்தியார் எழுதியது:

ஸ்டிக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது இலங்கைக் கடையில் விற்கிற போத்தலுக்கு. வெளிநாட்டு விமான நிலையத்தில் வாங்கியதில் இருக்காது. இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கலங்கலுக்கு வருகிறேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன் என்பதால் இது எனக்குப் பிடித்த கேள்வி. விஸ்கியில் எதனோலும் நீரும் மட்டுமில்லை. நொதிக்கும்போதும் வடிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் உண்டான, நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பமில எசுத்தர்கள் சிறிதளவு கரைந்திருக்கும். எதைல் பல்மிற்றேற்று போன்றவை. இவை எதனோலில் நன்றாகக் கரையும், நீரில் கரையாது. மதுச் சதவீதம் குறைந்தாலும் கரைதிறன் குறைகிறது, வெப்பநிலை குறைந்தாலும் குறைகிறது. நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறீர்கள்.

கணக்குப் போடுங்கள். 46 சதவீதத்தில் 30 மில்லி எடுத்து, 10 மில்லி தண்ணீர் விட்டால் அது 34.5 சதவீதம் ஆகிவிடும். தண்ணீரும் கொட்டகலைத் தண்ணீர். எசுத்தர் வெளியே வந்து நுண்துளிகளாக மிதக்கும், ஒளி சிதறும், விரல் தெரியாது. பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தவிர்ப்பதற்காகவே விஸ்கியை 0 பாகையை ஒட்டிக் குளிரவைத்து, கலங்கி வருவதை வடிகட்டி எடுத்துவிட்டுப் போத்தலில் அடைக்கின்றன. உங்கள் பெட்டியில் ‘நான் சில் ஃபில்டர்ட்’ என்று இருப்பதன் கருத்து, அப்படி வடிகட்டவில்லை என்பது. வடிகட்டாத விஸ்கியைப் பெரும்பாலும் 46 சதவீதத்திலோ அதற்கு மேலோ அடைப்பார்கள். அந்தச் செறிவில் சாதாரண அறை வெப்பநிலையில் அது தெளிவாகவே நிற்கும். எல்லாம் பொருந்துகிறது.

இதைச் செய்து பாருங்கள். கலங்கிய கிளாசை இரு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதை பேசுங்கள். சூடு ஏறினால் கலங்கல் குறையும். வைத்துவிட்டால் மீண்டும் வரும். மீளக்கூடிய மாற்றம். கெட்டுப்போன பொருள் அப்படித் திரும்பி வராது.

ஒரு எச்சரிக்கை: கலங்கியதால் இது அசல் என்று நான் சான்றிதழ் தரவில்லை. கலங்கியதால் போலி என்று மச்சான் சொல்ல முடியாது, அவ்வளவுதான். மூடியின் உறை உடைக்கப்படாமல் இருந்ததா, போத்தல் கண்ணாடியின் அடிப்பக்கம் தொகுதி எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பார்மேன் எழுதியது:

கொட்டகலைத் தம்பிக்கு,

கலங்கலை வாத்தியார் ஐயா தீர்த்துவிட்டார். பீப்பாய்க் கதையை நான் சொல்கிறேன். டிக்கோயாப் பக்கம் தோட்டத்துரைமார் கிளப் ஒன்றில் பார் மேசைக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். பிறந்தது அப்கட் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்து லயத்தில். ஸ்கொட்லாந்து விஸ்கி வடிசாலைகள் வேறெந்தப் பகுதியையும்விட ஸ்பே ஆற்றுப் பிரதேசத்தில்தான் அதிகம் இருக்கின்றன என்பதும், அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத்தான் எங்கள் தோட்டத்துப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள் என்பதும் கிளப்புக்கு வேலைக்குப் போன பிறகே தெரிந்தது. அங்கே கிளென்டில்ட் தோட்டம், இங்கே டன்கெல்ட் தோட்டம் என்று ஊரையே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து நம் மலையில் நட்டிருக்கிறார்கள். விஸ்கியை மட்டும் கப்பலில் வரவழைத்துக் குடித்தார்கள்.

மச்சானுக்கு முதலில் பதில். வைனை விஸ்கியில் ஊற்றிக் கலந்தால் அதை ஸ்கொட்ச் என்று விற்க அந்த நாட்டில் விடமாட்டார்கள். 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் கறாரானவை. 700 லீட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்கொட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும். சிங்கிள் மோல்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, கலத்தில் தவணை தவணையாக வடித்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் சேர்க்கலாம். நிறத்துக்குக் கருக்கிய சீனிப் பாகு சேர்க்கலாம். அதற்கு மேல் ஒரு துளி எதுவும் சேர்க்கக்கூடாது. உங்கள் போத்தலில் ‘நேச்சுரல் கலர்’ என்று போட்டிருப்பதால் அந்தப் பாகும் இல்லை. நீங்கள் கண்ட ரோசா நிறம் பலகையிலிருந்து வந்தது.

ஆமாம், பலகையிலிருந்து. காலிப் பீப்பாய் என்று பெயர்தானே தவிர அது காலியில்லை. வருடக்கணக்கில் வைனைத் தாங்கிய ஓக் பலகை லீட்டர் கணக்கில் அதைக் குடித்து வைத்திருக்கும். அதற்குள் கடுமையான விஸ்கியை ஊற்றினால், பலகைக்குள் இருக்கும் வைனின் நிறம், துவர்ப்பு, பழ வாசம் எல்லாவற்றையும் அது இழுத்துக்கொள்ளும்.

18 வருடமும் அங்கேயே கிடந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. ‘ஃபினிஷ்’ என்று போட்டால், கடைசிக் காலத்தை மட்டும் அந்தப் பீப்பாயில் கழித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பெரும்பாலும் பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் இருந்திருக்கும். பேர்பனைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக்கில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பாவித்ததைத் திரும்ப அதற்குப் பாவிக்க முடியாது, ஆகவே ஏறக்குறைய 200 லீட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் கப்பல் கப்பலாக ஸ்கொட்லாந்துக்குப் போகின்றன. அவற்றில் பல வருடம் கிடந்து தேன், வனிலா வாசமெல்லாம் ஏறிய பிறகு, வைன் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். பிரான்ஸின் வைன் பிரதேசங்களான போர்டோவில் அது 225 லீட்டர், பர்கண்டியில் 228. டல்லிபார்டின் என்ற வடிசாலை பர்கண்டிப் பீப்பாயில் முடித்த தன் விஸ்கிக்கு ‘228’ என்றே பெயர் வைத்திருக்கிறது. எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதமும் இருக்கலாம், இரண்டு வருடமும் இருக்கலாம். இரண்டு பீப்பாயிலும் கிடந்த காலத்தைச் சேர்த்துத்தான் 18. அதிலும், போத்தலுக்குள் கலந்திருக்கும் விஸ்கிகளில் ஆக இளையதன் வயதைத்தான் போட முடியும். 20 வருடத்தது உள்ளே இருந்தாலும் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்தப் பீப்பாய் மாற்றும் வித்தை ஆதிகாலத்து வழக்கமுமில்லை. பல்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் என்ற கலவை வல்லுநர் 1980களின் தொடக்கத்தில் முறையாகச் செய்து பார்த்தார். 1993இல் அவர்களின் ‘டபிள்வுட்’ வந்தது. கிளென்மோரஞ்சி வடிசாலை அதைப் போர்ட், மடெய்ரா வைன் பீப்பாய்கள் என்று பரப்பிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளப் அலமாரியில் இப்படி ஒரு லேபல் கிடையாது. பின்னாளில் துரைமாரின் விருந்தாளிகள் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

இப்போது என் அபிப்பிராயம். பிடிக்காவிட்டால் விடுங்கள்.

ஷெரியும் போர்ட்டும் மதுவைச் சேர்த்து வலுவூட்டிய வைன்கள். போர்ட்டில் இனிப்பும் அதிகம். அந்தப் பீப்பாய் விஸ்கியை உருட்டி மிருதுவாக்கிவிடும். சாதாரண சிவப்பு வைன் அப்படியில்லை. அதில் சீனி மிச்சமில்லை. திராட்சைத் தோலின் துவர்ப்பும் புளிப்பும்தான் பலகையில் இறங்கியிருக்கும். அளவோடு ஏறினால் சிவப்புப் பழம், கொஞ்சம் மிளகு, நாக்கின் ஓரத்தில் ஒரு உலர்ச்சி என்று அருமையாக இருக்கும். அளவு தப்பினால் கேத்தலில் மறந்துபோய் ஊறவிட்ட டஸ்ட் தேயிலைச் சாயம்தான். நம் மலையில் பிறந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் 10, 12 வருட விஸ்கியை வைன் பீப்பாயில் முடித்தால் எனக்குப் பயமில்லை. இளம் விஸ்கிக்கு முதுகெலும்பு இருக்கும், தாங்கும். அரன் தீவு வடிசாலை இத்தாலிய அமரோனே வைன் பீப்பாயில் முடித்து 50 சதவீதத்தில் தருவது அப்படிப்பட்ட முரட்டுப் பிள்ளை. 18 வருடத்ததோ நுணுக்கமானது. அதில் ஏற்கெனவே ஒரு பீப்பாயின் மரம் முழுக்க இருக்கிறது. அதன் மேல் இன்னொரு மரத்தை ஏற்றுகிறவன் கை கூசிக் கூசித்தான் ஏற்ற வேண்டும். பழைய விஸ்கி களைத்துப்போனதால் சாயம் பூசி எழுப்பினார்களா, நன்றாக இருந்ததற்கு ஒரு பொட்டு வைத்தார்களா என்பதுதான் கேள்வி. லேபல் அதைச் சொல்லாது. உங்கள் போத்தலில் எந்த வைன் என்றுகூடச் சொல்லவில்லையே.

ஆனால் கை சொல்லும். உள்ளங்கையில் இரண்டு துளி விட்டு, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்து, மூக்கருகே பொத்திக்கொள்ளுங்கள். முதல் வீச்சில் மது பறந்துவிடும். அடுத்து வருவது பழம். வைன் பீப்பாய் கொடுத்தது அங்கே இருக்கும். கை முழுதாகக் காய்ந்த பிறகு மறுபடி முகருங்கள். அப்போது தானிய வாசம், தேன், பழைய மர அலமாரி வாசம் வந்தால் 18 வருடமும் கீழே பத்திரமாக இருக்கிறது. காய்ந்த கையிலும் ஜாம் வாசம் மட்டுமே வந்தால் பூச்சு தடிப்பாகிவிட்டது என்று பொருள். துரைமார் முன்னால் இதைச் செய்ய முடியாது. போத்தலில் அடியில் மிஞ்சியதை பின்கட்டில் நின்று இப்படித்தான் நான் படித்தேன்.

தண்ணீர் விடுங்கள், தவறில்லை. ஆனால் துளிக் கணக்கில், கொதித்து ஆறிய தண்ணீரை. ஐஸ் வேண்டாம். சோடா வேண்டவே வேண்டாம்.

கொட்டகலைக் கிளார்க் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கும் பார்மேன் ஐயாவுக்கும் நன்றி. கிளாசைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன், தெளிந்தது. மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக்கோடு காட்டுகிறது, பதில் இல்லை. போத்தல் அடியில் தொகுதி எண்ணும் இருக்கிறது.

கையில் தேய்த்தும் பார்த்தேன். முதலில் பிளம் பழம், கொஞ்சம் கறுவா. காய்ந்த பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்த வாசம், அடியில் புதிய தேக்குப் பலகை. ஜாம் இல்லை. மனைவியிடம் கையை நீட்டினேன். “வாசம் நல்லாத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, வாசலில் ஊற்றும் யோசனையை ஒத்திவைத்திருக்கிறாள்.

இன்னும் ஒரு கேள்வி. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நுவரெலியா. அதுவரை வைத்திருந்து சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். போத்தலை வைன் மாதிரிப் படுக்கப்போட்டு வைக்கவேண்டுமா? வைத்திருந்தால் 18 வருடம் 19 ஆகி இன்னும் நன்றாகிவிடுமா?

நானுஓயா மூக்கு எழுதியது:

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் வைன் பரிமாறுகிறவள். பார்மேன் ஐயா சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்பாடு. சிவப்பு வைன் மீது மட்டும் கொஞ்சம் கோபம் கூடிவிட்டது போலத் தெரிகிறது.

தாய்வானின் கவலான் வடிசாலையின் ‘வீன்யோ பாரீக்’ விஸ்கி முழுக்க முழுக்க வைன் பீப்பாயில் வளர்ந்தது. 2015இல் உலக விஸ்கி விருதுகளில் உலகின் சிறந்த சிங்கிள் மோல்ட் என்று தேர்வானது அதுதான். அந்தப் பீப்பாய்களை அப்படியே பாவிப்பதில்லை. உட்பலகையைச் சீவி, வறுத்து, மறுபடி கருக்கி எடுக்கிறார்கள். ஜிம் சுவான் என்ற ஸ்கொட்லாந்து இரசாயன வல்லுநர் பரப்பிய முறை. சீவும்போது புளித்த மேற்படை போய்விடும். உள்ளே இறங்கிய வைன் வறுபட்டு இனிப்பாக மாறும். மெல்பேர்னின் ஸ்டார்வர்ட் வடிசாலையும் ஆஸ்திரேலிய சிவப்பு வைன் பீப்பாயை நம்பித்தான் பெயர் எடுத்தது. ஆக, வைன் மீது பழியில்லை. பீப்பாயை யார் எப்படித் தயார் செய்தார் என்பதில்தான் எல்லாம்.

இன்னொரு வாசத்தையும் கவனியுங்கள். வைன் காலியான பீப்பாய் சும்மா கிடந்தால் வினாகிரியாகிவிடும். அதற்காக உள்ளே கந்தகத் திரி கொளுத்துவார்கள். சரியாகக் கழுவாமல் விஸ்கியை ஊற்றினால் தீக்குச்சி கிழித்த வாசம், ரப்பர் வாசம் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது ஒரு மைல் தூரத்திலேயே தெரியும், எங்கள் சமையல்காரருக்குக் கிளாசுக்குள் மூக்கை விட்டாலும் தெரியாது. அண்ணனுக்குப் பிளம்மும் கறுவாவும் வந்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

படுக்கப்போடாதீர்கள், அண்ணன். வைன் தக்கை காயாமல் இருப்பதற்குத்தான் படுக்கை. 46 சதவீத மது தக்கையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அரித்துவிடும். மிச்சத்தை ஐயா சொல்வார்.

பழைய பார்மேன் எழுதியது:

நானுஓயாப் பிள்ளை சொல்வது சரி, கவலான் எனக்கும் பிடிக்கும். ஆனால் பிள்ளை, அது வேறு ஊர், வேறு வெயில். ஸ்கொட்லாந்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகும். தாய்வான், பெங்களூர் போன்ற இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும். அந்த வெயிலில் 18 வருடம் வைத்தால் திறக்கும்போது மரம்தான் மிஞ்சும். அதனால் அங்கே சில வருடத்திலேயே போத்தலுக்கு எடுத்துவிடுகிறார்கள், முழுக்க வைன் பீப்பாயில் வைத்தாலும் தாங்குகிறது. நான் பயந்தது 17 வருடம் அமைதியாகத் தூங்கியதை எழுப்பி வைனில் குளிப்பாட்டுவதைப் பற்றி. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தம்பியின் போத்தலில் குளிப்பாட்டியவனுக்குக் கை நிதானம் இருந்திருக்கிறது, அது தம்பியின் அதிர்ஷ்டம்.

தம்பி, கண்ணாடிக்குள் போன விஸ்கிக்கு வயது ஏறாது. மகள் கல்யாணத்தன்றும் அது 18தான், பேரப்பிள்ளை கல்யாணத்தன்றும் 18தான். திறக்காத போத்தலானால் அப்படியே நிற்கும். நீங்கள் திறந்துவிட்டீர்கள். முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்வரை ஆவணி வரைக்கும் பெரிய மோசமில்லை. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகம். முதலில் போவது அந்தப் பிளம் வாசம்தான். அப்படி இறங்கினால் கால் போத்தல் சாராயப் போத்தலை நன்றாகக் கழுவி, வெந்நீர் விட்டு, முழுக்கக் காயவைத்து, கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். கழுவியதும் முகர்ந்து பாருங்கள், சாராய வாசம் கொஞ்சம் இருந்தாலும் இன்னொரு தடவை கழுவுங்கள்.

நிமிர்த்தி வையுங்கள். வெயில் படாத அலமாரி. அடுப்படிப் பக்கம் வேண்டாம். நம் பகுதியில் இன்னொரு தொல்லை உண்டு, வெளியூர்க்காரர் எழுதுகிற குறிப்புகளில் இது இருக்காது: மழைக்காலத்தில் லேபல் மேல் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் ஓரம் சுருளும், பிறகு பசை ஈரமாகி ஒரு மூலை தொங்கும், அதற்கடுத்த கிழமை சாம்பல் புள்ளி. கிளப்பில் நல்ல போத்தல்களைப் பெட்டியோடு வைத்து, அலமாரிக்குள் ஒரு சிறிய மின்குமிழை எரியவிடுவோம், ஈரம் சேராமல் இருக்க. வீட்டில் அது வேண்டாம். போத்தலை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே இருப்பதற்குப் பூஞ்சணத்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் சொறி பிடித்த போத்தலைக் கொண்டுபோய் வைக்க முடியாதே.

கல்யாணத்தன்று கொடுப்பது பற்றி. 30 மில்லி வீதம் முழுப் போத்தலில் 23 கிளாஸ் வரும். நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் முடித்துவிட்டீர்கள். மண்டபத்தில் கொண்டுபோய்த் திறந்தால் யாரோ ஒருவர் கோலாவை ஊற்றுவார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. கூட்டத்துக்குச் சாராயத்தை வையுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. இதைக் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சம்பந்தி வரும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கைந்து பேருக்கு மட்டும் ஊற்றுங்கள். அம்பேவெலப் பக்கத்துச் சீஸ் ஒரு துண்டு, வறுத்த முந்திரி. மிளகாய் போட்ட டெவல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. உறைப்பும் வைன் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கில் மது எரிச்சல் மட்டும்தான் தெரியும். கிளாஸ் சின்னதாக, வாய் குறுகியதாக இருந்தால் நல்லது. ஊற்றியதும் குடிக்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் ஊர்க் கதை பேசட்டும், அதற்குள் அது திறந்துகொள்ளும். காலிக் கிளாஸ் ஒன்றை மட்டும் கழுவாமல் வைத்து விடிந்ததும் முகர்ந்து பாருங்கள். பீப்பாயின் மரம் எப்படிப்பட்டது என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

ஜிஞ்சர்பியர் கட்சி, ஹட்டன் எழுதியது:

சரி, தோற்றுவிட்டேன், ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும். பார்மேன் ஐயா, இவ்வளவு பேசுகிறீர்களே, நம் சாராயத்தையும் இப்படி வைன் பீப்பாயில் போட்டு எடுத்தால் என்ன? தென்னங்கள்ளில் வடித்தது, நம் நாட்டுப் பொருள். அதற்கு என்ன குறை?

பழைய பார்மேன் எழுதியது:

குறை ஒன்றுமில்லை. நல்ல சாராயத்தை ஹல்மில்லை மரத்துப் பீப்பாயில் வைக்கிறார்கள். நம் நாட்டு மரம், திருகோணமலை மரம் என்று வியாபாரத்தில் பெயர். ஓக்கைப் போல வனிலாவையும் இனிப்பையும் அள்ளிக் கொடுக்காது, அடக்கமான மரம். கள்ளின் பூவாசம் கெடாமல் இருப்பது அதனால்தான். அதைக் கொண்டுபோய்ச் சிவப்பு வைன் பலகையில் போட்டால் பூ போய்விடும், துவர்ப்பு நிற்கும். யாராவது செய்து ஒரு கிளாஸ் தந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

ஹட்டன் தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். விலை குறைந்த சாராயத்தில் பெரும்பாலும் வேறு மதுசாரம் கலந்திருக்கும். அதை விட்டுவிட்டு, முழுக்கத் தென்னங்கள்ளில் வடித்தது என்று லேபலில் தெளிவாகப் போட்ட போத்தல் ஒன்று வாங்குங்கள். முதல் கிளாசை ஜிஞ்சர் பியர் இல்லாமல், கொஞ்சம் தண்ணீரோடு குடியுங்கள். உள்ளங்கையில் தேய்த்தும் பாருங்கள். என்ன வாசம் வந்தது என்று இங்கே எழுதுங்கள், பிறகு பேசலாம். போயாவுக்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள், அன்றைக்குக் கடை பூட்டு.